இஷினோமாகியின் சேறும் அயல்நாட்டுத் தன்னார்வலர்களும்

வடகிழக்கு ஜப்பானில், மியாகி மாகாணக் கடற்கரையில் உள்ள துறைமுக நகரம் இஷினோமாகி. மீன்பிடிப்பும் சிப்பி வளர்ப்பும் காகித ஆலையும் அந்நகரின் பிழைப்பு. 2011 மார்ச் 11 பிற்பகல் 2.46 மணிக்குக் கடலுக்கடியில் 9.0 அளவில் நிலம் நடுங்கியது. அதைத் தொடர்ந்து எழுந்த சுனாமி, கரையோர ஊர்களை வாரிச் சென்றது. நாடு முழுவதும் 18,000-க்கும் மேற்பட்டோர் இறந்தனர் அல்லது காணாமல் போயினர். இஷினோமாகியில் மட்டும் 3,000-க்கும் மேற்பட்ட உயிர்கள் பறிபோயின. அந்நகரில் குவிந்த இடிபாடு, அங்கு நூறு ஆண்டுகளுக்குமேல் சேரக்கூடிய குப்பைக்குச் சமம் என்று நகர நிர்வாகம் கணக்கிட்டது.

இப்பகுதியில் முதியோர் அதிகம். இளைஞர்கள் பலர் வேலை தேடிப் பெருநகரங்களுக்குப் போய்விட்டவர்கள். வீட்டுக்குள் முழங்காலளவு படிந்த சேற்றை எழுபது வயதுத் தம்பதியால் அள்ளிவிட முடியாது. வெளியூர்க் கைகள் கட்டாயம் தேவைப்பட்டன.

உதவிக்கு வருவோரை முறைப்படுத்தும் அனுபவம் ஜப்பானுக்கு ஏற்கெனவே இருந்தது. 1995 ஜனவரியில் கோபே நகரை உலுக்கிய நிலநடுக்கத்தில் 6,400-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அப்போது ஓராண்டுக்குள் 13 லட்சத்துக்கும் மேற்பட்டோர் தன்னார்வப் பணிக்கு வந்தார்கள். வந்தவர்களை எங்கே அனுப்புவது என்று தெரியாமல் முதலில் பெரும் குழப்பம் நேர்ந்தது. அந்தப் படிப்பினையால், பேரிடர் நேரும்போது உள்ளூர்ச் சமூக நல மன்றம் ஒரு தன்னார்வலர் மையத்தைத் திறக்கும் வழக்கம் வேரூன்றியது. வீட்டுக்காரர் தம் தேவையை மையத்தில் பதிவு செய்வார். மையம் ஆட்களைக் குழு பிரித்து அங்கே அனுப்பும். தன்னார்வலருக்கு விபத்துக் காப்பீடும் உண்டு. 2011-இல் இந்த மையம் இஷினோமாகி சென்ஷு பல்கலைக்கழக வளாகத்தில் இயங்கியது.

2011-இல் 163 நாடுகளும் பகுதிகளும் உதவ முன்வந்தன. முதலில் வந்தவை பயிற்சி பெற்ற அரசுக் குழுக்கள். இந்தியத் தேசியப் பேரிடர் மீட்புப் படையின் 46 பேர், இஷினோமாகியை அடுத்த ஒனகாவா ஊரில் உடல்களைத் தேடும் பணியைச் செய்தார்கள். அப்படை கடல்கடந்து ஆற்றிய முதல் பணி அது. மினாமிசான்ரிகு ஊரில் இஸ்ரேல் மருத்துவர்கள் மருத்துவமனை அமைத்தார்கள். ஜப்பானிய உரிமம் இல்லாத மருத்துவர்கள் சிகிச்சை அளிப்பதில் கோபேயில் சிக்கல் எழுந்திருந்ததால், இம்முறை நலவாழ்வு அமைச்சகம் உடனடியாக விதியைத் தளர்த்தியது. 2004 சுனாமியில் பேரிழப்பைக் கண்ட இலங்கை, மே மாதத்தில் இஷினோமாகிக்கு ஒரு குழுவை அனுப்பித் துப்புரவுப் பணியில் பங்கெடுத்தது.

அரசுக் குழுக்கள் திரும்பிய பிறகும் மாதக்கணக்கில் வந்துகொண்டிருந்தவர்கள் சாதாரணத் தன்னார்வலர்கள். டோக்கியோவைச் சேர்ந்த 'பீஸ் போட்' அமைப்பு, மார்ச் மாதத்திலேயே இஷினோமாகியில் முகாமிட்டது. பல நாட்டவரும் அதன் வழியாக வந்தார்கள். ஜப்பானில் வாழும் அயல்நாட்டவரும் கிளம்பினார்கள். டோக்கியோவின் ஓட்சுகா பள்ளிவாசலைச் சேர்ந்தவர்கள், சோற்றுருண்டைகளையும் நிவாரணப் பொருள்களையும் வண்டிகளில் ஏற்றிக் கொண்டுபோனார்கள்.

பீஸ் போட் விதித்த நிபந்தனைகள் கடுமையானவை. தொடக்கத்தில், வருபவர் குறைந்தது ஒரு வாரம் தங்க வேண்டும். கூடாரம், உறங்குபை, உணவு, மழைக்கோட்டு எல்லாவற்றையும் தாமே சுமந்து வர வேண்டும். பாதிக்கப்பட்ட ஊரின் அரிசியையும் நீரையும் வந்தவர் பங்குபோடக் கூடாது என்பதே இதன் நோக்கம். சிறு குழுக்களாகப் பிரிந்து, ஒரு தலைவரின் சொல்லுக்குக் கட்டுப்பட்டு வேலை செய்ய வேண்டும். ஜப்பானிய மொழி தெரியாதவர்களின் குழுவில் அம்மொழியும் அவர்கள் மொழியும் அறிந்த ஒருவர் இருப்பார். பின்னதிர்வு வந்து சுனாமி எச்சரிக்கை ஒலித்தால் எந்த மேட்டுக்கு ஓட வேண்டும் என்பதை முதல் நாளே சொல்லித் தருவார்கள்.

முதல் மாதங்களின் வேலை பெரும்பாலும் சேறு அள்ளுவதுதான். கடலடி மண்ணோடு எண்ணெயும் மீன் கழிவும் கலந்த அந்தக் கரிய சகதி கடுமையாக நாறியது. இயந்திரம் தெருவைத்தான் துப்புரவாக்கும்; வீட்டின் தரைப்பலகைக்கு அடியிலும் சாக்கடைக்குள்ளும் மனிதர்தான் இறங்க வேண்டும். நனைந்த பாய்களை வெளியே இழுத்து, பலகையைப் பெயர்த்து, மண்வெட்டியால் அள்ளிச் சாக்கில் கட்டி, கடைசியில் சுண்ணாம்புத் தூள் தூவுவார்கள். ஆணி குத்தாதபடி காலணிக்குள் இரும்புத் தகடு வைத்துக்கொள்வார்கள். எதை எறிவது, எதை வைப்பது என்பதை வீட்டுக்காரரே முடிவு செய்வார். அயலாருக்குக் குப்பையாகத் தெரியும் ஒரு கிண்ணம், இறந்த தாயார் பயன்படுத்தியதாக இருக்கலாம்.

சேற்றிலிருந்து கிடைத்த நிழற்படங்கள் தனிக் கவனம் பெற்றன. உப்புநீரில் ஊறிய படத்தில் நுண்ணுயிர்கள் பெருகி, உருவம் பதிந்த மேற்படலத்தைத் தின்றுவிடும். இவாத்தே மாகாணத்து ஒஃபுனாதோவில் அமெரிக்க அமைப்பான 'ஆல் ஹேண்ட்ஸ்' தன்னார்வலர்கள், அப்படங்களை ஒவ்வொன்றாக நீரில் மென்மையாகக் கழுவி, உலர்த்தி, உரியவர்கள் தேடி எடுக்கும்படி காட்சிக்கு வைத்தார்கள். வீடும் உறவும் இழந்தவர்களுக்கு, மாண்டவரின் முகத்தை மீட்டுத் தந்த பணி இது.

அடுத்த கட்டத்தில் இஷினோமாகியில் பணி கடலோரச் சிற்றூர்களுக்கு நகர்ந்தது. ஓஷிகா தீபகற்பத்து மீனவர்கள் படகும் வலையும் இழந்திருந்தார்கள். சிப்பிக் குஞ்சுகள் ஒட்டி வளர, விசிறிச் சிப்பியின் ஓடுகளைக் கம்பியில் கோத்துக் கடலில் தொங்கவிடுவது வழக்கம். ஓடு கோப்பதிலும் கடற்பாசி அறுவடையிலும் தன்னார்வலர்கள் துணை நின்றார்கள். பிழைப்பு திரும்பினால்தான் மக்கள் ஊரில் தங்குவார்கள் என்பதால், இப்பணி சேறு அள்ளுவதற்குச் சற்றும் குறைந்ததல்ல.

அயல்நாட்டு உதவிக்கு எல்லைகள் உண்டு. தற்காலிகக் குடியிருப்புக்குப் போன முதியவர்களுக்குத் தேவைப்பட்டது, அருகில் அமர்ந்து அவர்கள் பேச்சைக் கேட்கும் துணை. அதை அவர்கள் மொழி பேசுபவரே நன்றாகச் செய்ய முடியும். கூலி கொடுத்து உள்ளூர்க்காரரை அமர்த்தக்கூடிய வேலையை இலவசமாகச் செய்தால், வேலையிழந்தவரின் வருமானம் கெடும். கேட்காமல் அனுப்பிய பழைய துணிகளைத் தரம் பிரிப்பதே, பல பேரிடர்களில் நிவாரண முகாம்களுக்குப் பெருஞ்சுமையாகிவிடுகிறது.

ஆகவே அயலாரின் உதவி பலன் தர மூன்று நிபந்தனைகள் நிறைவேற வேண்டும். தேவை எது என்பதைப் பாதிக்கப்பட்டவரே சொல்ல வேண்டும். வருபவரை ஏற்று வழிநடத்த உள்ளூரில் ஓர் அமைப்பு இருக்க வேண்டும். வேலை கைமாறும் வேளை வந்ததும், ஊராரிடம் அதை ஒப்படைத்து விலகும் மனம் வந்தவர்களுக்கு வேண்டும். பீஸ் போட் 2011-இலேயே பேரிடர்ப் பணிக்கெனத் தனி அமைப்பைத் தொடங்கித் தன்னார்வலர்களைப் பயிற்றுவித்தது. 2016-இல் தென்மேற்கு ஜப்பானின் குமாமோதோவில் நிலம் நடுங்கியபோது, இஷினோமாகியில் கற்ற முறைகள் அங்கே கைகொடுத்தன.