உங்க இன்ஜின் என் தண்டவாளத்தில் ஓடுமா? மாடல் ரயில்காரர்களின் 16.5 மி.மீ. தலைவலி

பொங்கல் லீவு. தூத்துக்குடியில் நண்பர் ஒருவரின் மொட்டைமாடி அறை. பிளைவுட் பலகை மேல் வட்டமாகத் தண்டவாளம், நடுவில் அட்டையில் செய்த ஸ்டேஷன். சென்னையிலிருந்து முத்துநகர் எக்ஸ்பிரஸில் வந்த இன்னொரு நண்பர், ராத்திரி முழுக்க மடியிலேயே வைத்துக்கொண்டு வந்த பெட்டியைத் திறந்தார். உள்ளே குட்டி டீசல் இன்ஜின். அதை எடுத்துத் தண்டவாளத்தில் வைத்து, கன்ட்ரோலரைத் திருகினார். நகர்ந்தது. கூடவே, அதே வட்டத்தில் கொஞ்சம் தள்ளி, மூக்கை இந்தப் பக்கம் காட்டி நின்ற வீட்டுக்காரரின் இன்ஜினும் நகர்ந்தது.

"அண்ணே, நிறுத்துங்கண்ணே!" என்று கத்தி முடிப்பதற்குள் டமார். சத்தம் சின்னதுதான். ஆனால் பஃபர் ஒன்று தெறித்துக் கட்டிலுக்கு அடியில் போய்விட்டது. அரை மணி நேரம் மொபைல் டார்ச் அடித்துத் தேடினோம்.

ஏன் இப்படி ஆச்சு? ரெண்டு இன்ஜினுக்கும் ஒரே நம்பர். அந்த நம்பர் 3.

மூணாம் நம்பர் மர்மம்

பழைய மாடல் ரயிலில் விஷயம் சிம்பிள். தண்டவாளத்தில் 0 முதல் 12 வோல்ட் வரை நேர்மின்சாரம். வோல்ட்டைக் கூட்டினால் வேகம் கூடும், முனையை மாற்றினால் ரிவர்ஸ். ஒரே தண்டவாளத்தில் ரெண்டு இன்ஜின் நின்றால் ரெண்டுமே ஓடும், அவ்வளவுதான்.

இப்போது பலரும் பயன்படுத்துவது டி.சி.சி. எனும் டிஜிட்டல் முறை. அமெரிக்காவில் 1935-இல் தொடங்கிய தேசிய மாடல் ரயில் சங்கம் (என்.எம்.ஆர்.ஏ.) 1990-களில் இதைப் பொதுத்தரமாக்கியது. தண்டவாளத்தில் எப்போதும் முழு மின்சாரம் இருக்கும். அதிலேயே "5-ஆம் நம்பர், மெதுவாகப் போ" என்பது மாதிரி கட்டளைகளும் போகும். ஒவ்வொரு இன்ஜினுக்குள்ளும் இருக்கும் டிகோடர் சிப், தன் நம்பருக்கு வந்த கட்டளையை மட்டும் கேட்கும். சிக்கல் என்னவென்றால், புது டிகோடர் எல்லாமே ஃபேக்டரியிலிருந்து 3 என்ற நம்பரோடுதான் வருகிறது. தனியாக ஓட்டும் வரை இது தெரியவே தெரியாது. விருந்தாளி வந்த அன்றைக்குத்தான் தெரியும்.

நம்பரை மாற்ற ரெண்டு நிமிஷம் போதும். ஆனால் தனியாக ஒரு துண்டுத் தண்டவாளத்தில் வைத்துத்தான் மாற்ற வேண்டும். அந்த புரோகிராமிங் மோடை மெயின் லைனில் போட்டால், அங்கே நிற்கும் அத்தனை இன்ஜினும் சமர்த்தாகப் புது நம்பரை எடுத்துக்கொள்ளும். அப்புறம் யாருடையது எது என்று பஞ்சாயத்துதான். இன்னொன்று, டிகோடர் இல்லாத பழைய இன்ஜினை டி.சி.சி. தண்டவாளத்தில் வைக்காதீர்கள். ரீங்காரம் போட்டுக்கொண்டே மோட்டார் சூடாகும்.

சரி, தனியா ஓட்டிட்டுப் போகலாமே?

போகலாம், இடம் இருந்தால். உலகத்தில் அதிகம் விற்கும் மாடல் அளவு ஹெச்.ஓ. அதாவது நிஜத்தில் 87-இல் ஒரு பங்கு. நம்ம ஊர் ஐ.சி.எஃப். பெட்டி ஒன்று இந்த அளவில் சுமார் 25 செ.மீ. இருபது பெட்டி கோத்தால் 5 மீட்டருக்கு மேல். சென்னை ஃபிளாட்டின் ஹாலே அவ்வளவு நீளம் இருக்காது.

வ.உ.சி. துறைமுகத்தையே செய்யணும்னு ஆசைப்பட்டால்? அதன் வடக்கு அலைதடுப்புச் சுவர் சுமார் 4.1 கி.மீ. ஹெச்.ஓ.வில் அது 47 மீட்டர். பாதிக்குப் பாதி சின்னதான 'என்' ஸ்கேலில் (160-இல் ஒரு பங்கு) செய்தாலும் 25 மீட்டரைத் தாண்டும். மணியாச்சியிலிருந்து தூத்துக்குடி வரையிலான சுமார் 30 கி.மீ. பாதை? ஹெச்.ஓ.வில் முந்நூறு மீட்டருக்கு மேல். யார் வீட்டிலும் முடியாத காரியம்.

அதனால்தான் மாட்யூல். ஆளுக்கு ஒரு பலகை. ஒருத்தர் உப்பளம் செய்வார், ஒருத்தர் ஸ்டேஷன், ஒருத்தர் துறைமுக சைடிங். பலகையின் நடுவில் என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம், யாரும் கேட்க மாட்டார்கள். ஆனால் ரெண்டு ஓரமும் மட்டும் எல்லோருக்கும் ஒன்றாக இருக்கணும். தண்டவாளம் எங்கே முடிகிறது, எவ்வளவு உயரம், எந்த ஒயர் எந்தப் பக்கம் என எல்லாமே பொருந்த வேண்டும். ஜப்பானிய வீடுகளின் இடநெருக்கடிக்காக வந்த டி-டிராக் முறையில், 'என்' ஸ்கேல் பலகை ஒன்றின் அகலம் வெறும் 31 செ.மீ. டிராவல் பேக்கில் வைத்து பஸ்ஸில் கொண்டுபோகலாம். ஞாயிற்றுக்கிழமை நாலு பேர் சேர்ந்து சாப்பாட்டு மேஜை மேல் கோத்தால் ஒரு ஊர் ரெடி.

பெரிய லேஅவுட்டைத் தூக்கிக்கொண்டு அலைவதில் உள்ள கஷ்டத்துக்குப் புனேவில் ஒரு சாட்சி உண்டு. பி.எஸ். ஜோஷி 1980-களில் மாடல் ரயில் லேஅவுட்டை ஊர் ஊராக எடுத்துப்போய்க் கண்காட்சி நடத்தினார். ஒவ்வொரு முறையும் பிரித்துக் கோப்பது பெரும்பாடு. கடைசியில் ஒரே இடத்தில் நிரந்தரமாகக் கட்டிவிடலாம் என்று முடிவெடுத்தார். கோத்ரூடில் 1998-இல் திறந்த ஜோஷி மினியேச்சர் ரயில் மியூசியம் அப்படி வந்ததுதான்.

சரியா செய்தால் தனிமை

இப்போது உண்மையான தலைவலிக்கு வருவோம்.

ஹெச்.ஓ. தண்டவாளத்தின் அகலம் 16.5 மி.மீ. அதை 87-ஆல் பெருக்கினால் 1,435 மி.மீ. ஐரோப்பா, அமெரிக்கா ரயிலுக்கு அது கச்சிதம். ஆனால் நம்ம பிராட் கேஜ் 1,676 மி.மீ. 87-ஆல் வகுத்தால் 19.3 மி.மீ. வருகிறது. ஆக, கடையில் வாங்கும் தண்டவாளத்தில் நிற்கும் இந்திய இன்ஜின் எல்லாம், அண்ணனின் சட்டையைத் தம்பி போட்டுக்கொண்டு நிற்பது மாதிரிதான். மேலே உடம்பு அகலம், கீழே கால் ஒடுக்கம். கிட்டத்தட்ட 2.8 மி.மீ. வித்தியாசம். பழகிய கண்ணுக்கு உறுத்தும்.

அப்போ 19.3 மி.மீ.யிலேயே கையால் தண்டவாளம் போட்டுக்கொள்ளலாமே? பொறுமை இருந்தால் போடலாம். அழகாகவும் இருக்கும். ஆனால் அதன் பிறகு உங்கள் வீட்டுக்கு வரும் எந்த நண்பரின் இன்ஜினும் அதில் ஓடாது. உங்கள் இன்ஜினும் வேறு யார் வீட்டிலும் ஓடாது. அச்சுக்கச்சிதமாகச் செய்தால் தனியாகத்தான் ஓட்டணும். சேர்ந்து ஓட்டணும்னா, கொஞ்சம் தப்பாகத்தான் செய்யணும். என்னைக் கேட்டால் 16.5-தான். போட்டோவில் கொஞ்சம் ஒடுக்கமாகத் தெரிந்தால் தெரிந்துவிட்டுப் போகட்டும்.

ஆனால் தூத்துக்குடியைச் செய்கிறவர்களுக்கு இந்த பதில் பாதிதான் உதவும். காரணம், இந்த ஊர் ரயிலின் பெரிய கதையெல்லாம் மீட்டர் கேஜில் நடந்தது. 1876-இல் இங்கே ரயில் வந்தது. சென்னையிலிருந்து போட் மெயிலில் வருகிறவர்கள் தூத்துக்குடியில் இறங்கிக் கொழும்புக்குக் கப்பல் ஏறினார்கள். 1914-இல் பாம்பன் பாலம் திறந்த பிறகுதான் அந்தப் போக்குவரத்து தனுஷ்கோடிப் பக்கம் போனது. வ.உ.சி.யின் சுதேசிக் கப்பல், 1911 ஜூன் 17 அன்று மணியாச்சியில் ரயில் பெட்டியில் இருந்த கலெக்டர் ஆஷை வாஞ்சிநாதன் சுட்டது, எல்லாமே மீட்டர் கேஜ் காலம்தான். 1990-களில் பாதை பிராட் கேஜ் ஆனது. இன்றைக்கு 25 வயதில் இருக்கும் என்னை மாதிரி ஆட்கள் இங்கே மீட்டர் கேஜைப் பார்த்ததே இல்லை.

இதில் ஒரு வேடிக்கை. மீட்டர் கேஜ் ஹெச்.ஓ. அளவில் 11.5 மி.மீ. சுவிட்சர்லாந்து மலை ரயில்களும் மீட்டர் கேஜ் என்பதால், அதற்காகவே 12 மி.மீ. தண்டவாளம் ரெடிமேடாக விற்கிறார்கள். பிராட் கேஜுக்குக் கிடைக்காத பொருத்தம், மறைந்துபோன மீட்டர் கேஜுக்குக் கிடைக்கிறது! ஆனால் அதில் ஓட்ட நம்ம ஊர் ஒய்.டி.எம்.-4 டீசலைப் பெட்டியில் போட்டுக் கடையில் அடுக்கி வைத்திருக்க மாட்டார்கள். உடம்பை 3டி பிரின்ட் எடுத்தோ, சன்போர்டில் வெட்டியோ செய்து, வேறு இன்ஜினின் சக்கரத்தின் மேல் உட்கார வைக்கணும்.

அதற்கு அளவு வேண்டும். தண்ணீர்த் தூண் எங்கே நின்றது, சிக்னல் கேபினுக்கு எத்தனை ஜன்னல், துறைமுக சைடிங் எந்த இடத்தில் வளைந்தது என்பதெல்லாம் இன்னமும் ரிட்டயர்டு ரயில்வேக்காரர்களின் நினைவிலும், வீட்டு ஆல்பத்திலும்தான் இருக்கிறது. அவர்களுக்கு இப்போது எழுபது, எண்பது வயது. ஆகவே இந்த வட்டாரத்தில் இன்ஜினைவிட முதலில் பகிர வேண்டியது அந்த போட்டோவும் அளவும்தான். தாத்தா, பெரியப்பா யாராவது அந்த லைனில் வேலை பார்த்திருந்தால், இந்த ஞாயிற்றுக்கிழமையே ஒரு நோட்டோடு போய் உட்காருங்கள்.

உப்புக் காத்து, ஒரு எச்சரிக்கை

தூத்துக்குடிக்கு லேஅவுட் எடுத்துப்போகிறவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. இரும்புத் தண்டவாளம் வேண்டாம், கடற்கரைக் காற்றில் துருப்பிடிக்கும். நிக்கல் சில்வர்தான் சரி (பெயரில்தான் சில்வர், உள்ளே செம்பு, நிக்கல், துத்தநாகம்). அதுவும் மங்கும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைத் துணியில் தொட்டுத் துடைத்துவிட்டு ஓட்டுங்கள். இன்ஜின் திக்கித் திக்கிப் போனால் பாதி நேரம் மோட்டார் கெட்டிருக்காது, சக்கரத்தில் அழுக்குதான் இருக்கும். முக்கியமாக, உப்பளம் செய்கிறோமே என்று நிஜ உப்பைக் கொட்டாதீர்கள். ஈரத்தை இழுத்து, பக்கத்தில் இருக்கும் உலோகத்தையெல்லாம் தின்றுவிடும். வெள்ளை பிளாஸ்டர் போதும்.

அடுத்தவர் இன்ஜினைக் கேட்காமல் தொடக்கூடாது என்பது சொல்லாமலே தெரியும். கப்ளர் ஒரே வகைதானா என்று கிளம்பும் முன்பே போனில் கேட்டுக்கொள்ளுங்கள். கொக்கி ஒரு வகை, மடங்கும் விரல் மாதிரி இன்னொரு வகை. ரெண்டும் ஒன்றோடொன்று சேராது.

பஃபர் அன்றைக்கே கிடைத்தது, ஃபெவிக்விக்கில் ஒட்டியாச்சு. சென்னைக்காரர் தன் இன்ஜினுக்கு அதன் பக்கவாட்டில் எழுதியிருக்கும் நம்பரின் கடைசி ரெண்டு இலக்கத்தையே வைத்துவிட்டார். பலரும் செய்வது இதுதான், மறக்காது. மணியாச்சி பிளாட்பார்ம் பலகையை யார் செய்வது, 12 மி.மீ.யிலா 16.5-லா என்ற பேச்சு மட்டும் இன்னும் முடியவில்லை.