ஃபூஜியான்: மலையும் துறைமுகமும்

சீனத்தின் தென்கிழக்கில், தைவான் நீரிணையைப் பார்த்தபடி இருக்கிறது ஃபூஜியான் மாகாணம். பெரும்பகுதி மலையும் குன்றும்தான். நெல் விளையும் நிலம் குறைவு என்பதால் சரிவுகளில் தேயிலை வளர்ந்தது, கரையோரத்தார் கப்பலேறினார்கள்.

அவர்களின் பெருந்துறைமுகம் சுவான்சோ. அதற்குச் சற்று வடகிழக்கே, கழிமுகத்தின் மேல் நிற்கும் லுவோயாங் பாலத்தை நின்று நிதானமாகப் பாருங்கள். 1053-இல் தொடங்கி 1059-இல் கட்டி முடித்தார்கள். ஓதம் ஏறி இறங்கும் நீரில் அடித்தளக் கற்கள் நகராமலிருக்க, அவற்றின் மேல் சிப்பிகளை வளர்த்தார்கள். பாறையைப் பற்றிக்கொள்ளச் சிப்பி கசியவிடும் பசையே கல்லோடு கல்லை இறுக்கியது. இவ்வளவு அழகான பொறியியல் யோசனை உலகில் வெகு அபூர்வம். நீரோட்டத்தைப் பிளக்கத் தூண்களின் முனை படகுபோலக் கூராக்கப்பட்டது.

தமிழ் வணிகரும் சுவான்சோவில் வாழ்ந்தார்கள். அவர்கள் எழுப்பிய சிவன் கோயிலின் 1281-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு இவ்வூரில் கிடைத்தது. அதன் கடைசி வரி சீன எழுத்தில் உள்ளது. கைய்யுவான் பௌத்தக் கோயிலின் பின்புறத் தூண்கள் இரண்டில் கண்ணன் கதைச் சிற்பங்களை இன்றும் காணலாம்.

லுவோயாங் பாலம், கைய்யுவான் கோயில் உள்ளிட்ட 22 இடங்களை யுனெஸ்கோ 2021-இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.