எண்ணிக்கை அரசியலும் அடிமை முறையும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் அடிமை முறையை எதிர்த்தோர் அனைவரும் அடிமைகளின் துயர் கண்டு இரங்கியவர் அல்லர். அம்முறையை அடியோடு ஒழிக்க முயன்றவர் சிலர். அது புதிய நிலப்பகுதிகளுக்குப் பரவுவதை மட்டும் தடுக்க விரும்பியவர் பலர். இப்பலரின் நோக்கத்தில் அரசியல் கணக்கும் கலந்திருந்தது.

அக்கணக்கு 1787ஆம் ஆண்டில் வகுக்கப்பட்ட அரசமைப்புச் சட்டத்திலேயே தொடங்கியது. கீழவை இடங்கள் மக்கள்தொகைக்கேற்பப் பகிரப்பட்டபோது, அடிமைகள் ஐவர் மூவராக எண்ணப்பட்டனர். ஒரு மாநிலத்தில் 50,000 அடிமைகள் இருப்பின், அவர்கள் 30,000 பேராகக் கணக்கில் சேர்ந்தனர். அவர்களுக்கோ வாக்குரிமை இல்லை. அவர்களால் கிடைத்த கூடுதல் இடங்கள் அவர்களை அடிமைப்படுத்தியோரின் கையையே வலுப்படுத்தின.

மேலவையில் மாநிலத்துக்கு இருவர் இடம்பெற்றனர். 1819ஆம் ஆண்டின் இறுதியில் அடிமை மாநிலங்கள் 11, அடிமையற்ற மாநிலங்கள் 11 எனச் சமநிலை நிலவியது. மிசௌரி அடிமை மாநிலமாகச் சேர்ந்தால் அது குலையும் என வடமாநிலத்தார் அஞ்சினர். எனவே, 1820ஆம் ஆண்டு உடன்பாட்டின்படி மெய்ன் அடிமையற்ற மாநிலமாகச் சேர்க்கப்பட்டது. மிசௌரி நீங்கலாக, லூசியானா நிலப்பகுதியில் 36 பாகை 30 கலை வட அகலாங்குக்கு வடக்கே அடிமை முறை தடுக்கப்பட்டது.

மெக்சிகோவிடமிருந்து பெறும் நிலத்தில் அடிமை முறை கூடாது என 1846இல் டேவிட் வில்மட் முன்மொழிந்தார். ஊதியமற்ற அடிமை உழைப்போடு வெள்ளை உழவர் போட்டியிட இயலாது என்பதே அவரது கவலை. அம்முன்மொழிவு கீழவையில் வென்று, மேலவையில் தோற்றது. 1854ஆம் ஆண்டின் கான்சாஸ்-நெப்ராஸ்கா சட்டம் பழைய எல்லைக்கோட்டை நீக்கவே, பரவலை எதிர்த்தோர் குடியரசுக் கட்சியில் திரண்டனர். அக்கட்சியின் லிங்கன் 1860இல் வென்றார். உள்நாட்டுப் போர் மூண்டது. 1865இல் 13ஆம் திருத்தம் அடிமை முறையை ஒழித்தது.

பரவலைத் தடுப்பதும் சமத்துவத்தை ஏற்பதும் ஒன்றல்ல. 1857இல் ஓரிகான் வாக்காளர்கள் அடிமை முறையை மறுத்தனர். அதே வாக்கெடுப்பில் விடுதலை பெற்ற கறுப்பின மக்கள் அங்குக் குடியேறுவதையும் தடுத்தனர். ஒரு செயலின் பயனையும் அதன் நோக்கத்தையும் தனித்தனியே ஆராய்வதே வரலாற்றறிவு.

அருஞ்சொற்பொருள்
குலைதல் – சீர்கெடுதல்
மூளுதல் – தொடங்குதல்

வினாக்கள்
1. அடிமைகளை எண்ணிய முறையால் பயனடைந்தோர் யாவர்? எவ்வாறு?
2. வில்மட்டின் கவலை யாது?
3. ஓரிகான் வாக்கெடுப்பு உணர்த்துவது யாது?