வடிக்காத கஞ்சியும் ஒரு சட்டிப் பாஸ்தாவும்

மாலை 6 மணிக்கு மேல் வேலைவிட்டு வீடு திரும்பும் ஒருவர் ஏழரைக்குள் பிள்ளைகளுக்கு உணவு படைத்தாக வேண்டுமாயின், அவருக்குள்ள பொழுது சிறிது. கழுவ வேண்டிய ஏனங்களோ பல. இவ்விடரைப் போக்குவதற்கென்றே ஒரு சட்டிப் பாஸ்தா என்னும் முறை அண்மைக் காலத்தில் வீடுகளிற் பரவியுள்ளது. காய்கறியும் பாஸ்தாவும் நீரும் ஒரே சட்டியில் வெந்து, அந்நீரே குழம்பாகத் திரண்டு, இறுதியிற் சிறிது கிரீமும் சீஸும் சேர்ந்து வழவழப்பான உணவாகிவிடும். வடிதட்டும் வேண்டுவதில்லை; இரண்டாவது அடுப்பும் வேண்டுவதில்லை.

ஆயினும், இதனைச் செய்து பார்த்தோர் பலர் குறை கூறுவதையும் கேட்கலாம். அடி பிடித்துவிட்டது என்பார் ஒருவர். பசைபோல் ஒட்டிக்கொண்டது என்பார் மற்றொருவர். பால் திரிந்து போயிற்று என்பார் பிறிதொருவர். இம்மூவரும் செய்முறையைப் பிழைபடப் படித்தவர் அல்லர். அச்செய்முறை இன்னது செய்க என்று கூறிற்றே அன்றி, இன்ன காரணத்தாற் செய்க என்று கூறவில்லை. பொருள் விளங்காமல் ஒப்பிக்கும் மாணவன், கணக்கில் ஓர் எண் மாறியவுடன் திகைத்து நிற்பதைப் போன்றதே இதுவும். சட்டி சற்று அகலமானாலும், உண்போர் இருவர் கூடினாலும், செய்முறை கைவிட்டுவிடுகின்றது. ஆதலின் காரணத்தை முதலிற் காண்பது நலம்.

பாஸ்தா என்னும் சொல் இத்தாலிய மொழியில் பிசைந்த மாவையே குறிக்கும். (பாசுத்தா என்று எழுதுவாரும் உளர், அவ்வழக்கை இங்கு எடுத்து வாதிக்க வேண்டுவதில்லை.) அதன் வகைகளுக்கு வடிவம் பற்றியே பெயர் அமைந்திருப்பது ஆசிரியர்களுக்குச் சுவையான செய்தியாகும். ஸ்பகெட்டி என்றால் சிறு கயிறுகள். பென்னே என்றால் இறகு எழுதுகோல்கள். ஃபார்ஃபாலே என்றால் வண்ணத்துப்பூச்சிகள். மார்க்கோ போலோ சீனத்திலிருந்து இதனை இத்தாலிக்குக் கொண்டு வந்தார் என்னும் கதை இன்னும் வகுப்பறைகளிற் சொல்லப்பட்டு வருகின்றது. அவர் வெனிஸ் நகருக்குத் திரும்பியது 1295இல். அதற்கு மிக முன்னரே, 1154இல் சிசிலி மன்னருக்காக நூல் எழுதிய அல் இத்ரீசி என்னும் அரபுப் புவியியலார், அத்தீவின் திராபியா என்னும் ஊரில் கோதுமை மாவால் நூல்போன்ற உணவு மிகுதியாகச் செய்யப்பட்டு வெளியூர்களுக்கு ஏற்றுமதியானதைக் குறித்துள்ளார். எனவே அக்கதை கதையே.

உலர்ந்த பாஸ்தா எல்லாக் கோதுமையாலும் செய்யப்படுவதன்று. துரும் எனப்படும் கடினக் கோதுமையின் ரவையே அதற்கு உரியது. 1967இல் இத்தாலிய அரசு இதனைச் சட்டமாகவே இயற்றிற்று. இந்தக் கோதுமையிலுள்ள புரதம் பிசையும்போது வலைபோற் பின்னிக்கொள்கிறது. அவ்வலையின் கண்களில் மாச்சத்து மணிகள் சிக்கி நிற்கின்றன. கொதிநீரிற் போட்டவுடன் அம்மணிகள் நீரைக் குடித்து வீங்குகின்றன. ஏறத்தாழ 60 பாகை செல்சியசைத் தாண்டும்போது குழைகின்றன. வலை பெரும்பகுதியைப் பிடித்துக்கொள்ள, மேற்புறத்து மாச்சத்து மட்டும் நீரிற் கசிகின்றது.

கசிந்த இம்மாச்சத்து நமக்குப் புதியதன்று. சோறு வடிக்கும்போது வழிவதும் இதுவே. வெள்ளை வேட்டியை விறைப்பாக நிறுத்துவதும் இதுவே. அதாவது பாஸ்தா வெந்த நீர் ஒருவகைக் கஞ்சி. வழக்கமான இத்தாலிய முறையில் 100 கிராம் பாஸ்தாவுக்கு 1 லிட்டர் நீரும் 10 கிராம் உப்பும் என்பது கணக்கு. அவ்வளவு நீரில் கஞ்சி மிக நீர்த்துவிடும். பின்னர் அதனை வடித்துக் கொட்டிவிடுவர். தேர்ந்த சமையற்காரர் மட்டும் ஒரு குவளைக் கஞ்சியை எடுத்து வைத்துக் குழம்பிற் சேர்ப்பர். ஒரு சட்டி முறையிலோ, அக்கஞ்சி துளியும் வெளியே போவதில்லை. இந்த முறையின் உயிர்நிலை இதுதான்.

கஞ்சிக்கு அப்படி என்ன வேலை? நெய்யும் நீரும் கூடா. கலக்கிவிட்டாலும் நெய்த்துளிகள் ஒன்றோடொன்று கூடி மேலே மிதக்கும். நீர் கஞ்சியாகத் தடித்துவிட்டால் அத்துளிகள் எளிதில் நகர்ந்து கூட இயலாது. சிறு துளிகளாகவே எங்கும் பரவி நிற்கும். நாவில் வழவழப்பாகத் தோன்றுவது அந்நிலையே. உரோமாபுரியில் ஆல்ஃபிரடோ தி லெலியோ என்பவர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புகழ் பெறச் செய்த பாஸ்தாவில் வெண்ணெயும் சீஸுமே இருந்தன, கிரீம் இல்லை என்பதை எண்ணிப் பார்த்தால் இது தெளிவாகும். கிரீமை நிறைய ஊற்றினால்தான் வழவழப்பு வரும் என்று கருதிச் செலவு செய்வோர் இதனைக் கருத்திற் கொள்ளலாம்.

குறைந்த நீரில் வேகவைத்தல் முறையற்றது என்பார்க்கும் விடை உண்டு. சமையல் அறிவியல் எழுத்தாளர் ஹரால்டு மக்கீ 2009இல் நியூயார்க் டைம்ஸ் இதழில், பெருமளவு நீர் இன்றியமையாததன்று எனச் சோதித்துக் காட்டினார். 2013இல் மார்த்தா ஸ்டூவர்ட்டின் இதழ் ஒரு சட்டி முறையை வெளியிட, அது வீடுதோறும் புகுந்தது. இத்தாலியரே ரிசோத்தோச் சோற்றைப்போலப் பாஸ்தாவையும் சிறிது சிறிதாக நீர் விட்டு வேகவைக்கும் ஒரு முறையைக் கையாள்கின்றனர்.

இனி அளவுகள். பெரியோர் இருவரும் பிள்ளைகள் இருவரும் உண்ண, காய்கறி மிகுதியாகச் சேர்த்தால், 250 கிராம் பாஸ்தா போதும். அதற்கு ஏறக்குறைய 750 மில்லிலிட்டர் நீர் வேண்டும். உலர்ந்த பாஸ்தா வெந்தபின் இருமடங்கிற்குச் சற்று மேலான எடை பெறுவதால், 300 மில்லிலிட்டர் அளவு நீரை அதுவே குடித்துவிடும். எஞ்சியதில் ஒரு பகுதி ஆவியாகும், மற்றது கஞ்சியாகும். ஆவியாவது சட்டியின் அகலத்தையும் தீயின் அளவையும் பொறுத்தது. பாஸ்தாவின் எடையைப் பொறுத்ததன்று. ஆகவே அதே சட்டியில் 500 கிராம் செய்வோர் நீரையும் சரியாக இரட்டித்தால் களி போலன்றிக் குளம்போல் நிற்கக் காண்பர். சற்றுக் குறைத்து ஊற்றி, வெந்நீரை அருகில் வைத்துக்கொண்டு, வேண்டியபோது சேர்ப்பதே அறிவுடைமை. உப்பிலும் பழைய கணக்கு உதவாது. அங்கே உப்பில் பெரும்பகுதி நீரோடு கொட்டப்படுகின்றது. இங்கே இட்ட உப்பெல்லாம் உணவிலேயே தங்குகின்றது. சீஸும் உப்பு மிக்கது. எனவே 250 கிராமுக்கு ஒரு தேக்கரண்டிக்கும் குறைவாகத் தொடங்கி, இறுதியிற் சுவை பார்த்துக் கூட்டலாம்.

சட்டி அகன்றதாகவும் அடி கனமானதாகவும் இருத்தல் வேண்டும். பென்னே போன்ற குட்டை வகை எளிது. மெல்லிய நூல்வகை விரைவில் ஒட்டிக்கொள்ளும். நீர் ஊற்றிய பின் சட்டியின் வெப்பம் 100 பாகைக்கு மேல் ஏறாது. வெங்காயமும் காளானும் பொன்னிறமாகச் சிவக்க அதனினும் மிகுந்த வெப்பம் வேண்டும். ஆகவே சிவக்க வேண்டியவற்றை நீர் ஊற்றுமுன் சிவக்க வைத்துவிட வேண்டும். காளானில் பத்தில் ஒன்பது பங்கு நீர் ஆதலின், எண்ணெயில் இட்டவுடன் நீர் விடும். அது சுண்டும்வரை பொறுத்தல் வேண்டும். அவசரப்பட்டு அந்நிலையிலேயே பாஸ்தாவைக் கொட்டுவோர் பின்னர் மணமில்லை என்று வருந்துவர். பூண்டு கடைசியில் அரை நிமிடம் வதங்கினாற் போதும், கருகினால் கசக்கும்.

பின்னர்ப் பாஸ்தா, கேரட் துண்டுகள், நீர், உப்பு. கொதி வந்தபின் முதல் மூன்று நிமிடம் விடாது கிளறுதல் வேண்டும். மேற்புறத்து மாச்சத்து குழைந்து மிகுதியாக ஒட்டும் நேரம் அதுவே. அடி பிடித்தது என்று குறை கூறியவர் பெரும்பாலும் இந்நேரத்தில்தான் சட்டியை விட்டு அகன்றிருப்பார். அதன்பின் நடுத்தரத் தீயில், இடையிடையே கிளறினாற் போதும். புரோக்கோலி இறுதி நான்கு நிமிடத்திலும், பட்டாணி இரண்டு நிமிடத்திலும் சேரட்டும். பசலைக்கீரைக்குத் தீயே வேண்டா. அடுப்பணைத்த பின் சட்டியின் சூட்டிலேயே வதங்கிவிடும். எல்லாவற்றையும் ஒருங்கே கொட்டி நிறமும் உருவமும் இழக்கச் செய்துவிட்டு, பிள்ளைகள் காய்கறி உண்பதில்லை என்று கூறுதல் நேர்மையாகாது. பொட்டலத்தில் 11 நிமிடம் என்று இருந்தால் ஒன்பதாம் நிமிடத்தில் ஒன்றை எடுத்துக் கடித்துப் பார்த்தல் வேண்டும். நடுவே பல்லுக்குச் சற்று உறுதி தெரிவதையே இத்தாலியர் அல் தெந்தே என்பர்.

கிரீம் 100 மில்லிலிட்டர் போதுமானது. கஞ்சி திரண்டபின், தீயைத் தணித்துச் சேர்க்க வேண்டும். கிரீமுக்குப் பதிலாகப் பாலை ஊற்றுவோர், அதுவும் தக்காளி சேர்த்தோர், திரிதலை எதிர்பார்க்கவே வேண்டும். புளிப்பு மிகும்போது பாற்புரதம் ஒன்றுகூடிக் கட்டியாகிவிடும். கிரீமில் கொழுப்பு மிகுதி, புரதம் குறைவு, ஆகவே தாங்குகின்றது. தேங்காய்ப்பால் சேர்ப்போர்க்குத் தனியாகக் கூற வேண்டுவதில்லை. முதற்பாலைக் கொதிக்க விடலாகாது என்பதை நம் வீட்டுப் பெண்டிர் என்றோ அறிவர். சீஸை மெல்லியதாகத் துருவி, அடுப்பை அணைத்தபின் தூவிக் கலக்க வேண்டும். மிகுந்த சூட்டில் அதன் புரதம் நூல்நூலாகத் திரண்டு அகப்பையைப் பற்றிக்கொள்ளும்.

சைவ உணவினர் இங்கு ஒன்றைக் கருதுதல் வேண்டும். பெயரில் காய்கறிப் பாஸ்தா என்றிருப்பினும், பார்மிஜியானோ ரெஜியானோ எனப்படும் இத்தாலிய சீஸ் கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கப்படும் நொதியால் உறையவைக்கப்படுவது. அதன் விதிகள் வேறு நொதியை ஏற்பதில்லை. நுண்ணுயிரி நொதியால் செய்யப்பட்ட வேறு கடின சீஸ் வகைகள் கடைகளில் உண்டு. அட்டையைப் படித்து, சைவர்க்கு ஏற்றது என்னும் குறிப்பைக் கண்டபின் வாங்கலாம். விருந்தினர்க்குப் படைக்கும்போது இதனைச் சொல்லிவிடுவது கடமையாகும். முட்டை சேர்த்த பாஸ்தாவும் விற்கப்படுவதால் அதனையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சட்டியை இறக்கும்போது குழம்பு வேண்டியதைவிடச் சற்று இளகியிருத்தலே சரி. உண்ண உட்காருமுன் பாஸ்தா மேலும் நீரை இழுத்துக்கொள்ளும். ஆற ஆறக் கஞ்சியும் இறுகும். பசைபோல் ஒட்டியது என்றவர் சட்டியிலேயே கெட்டியாகும்வரை காத்திருந்தவர். மீந்ததை இரண்டு மணி நேரத்திற்குள் குளிர்ப்பெட்டியில் வைத்துவிட வேண்டும். மறுநாள் அது கட்டியாக நிற்பது கண்டு எறிந்துவிட வேண்டா. இரண்டு மூன்று கரண்டி வெந்நீர் விட்டு, சிறு தீயில் மெல்லக் கிளறினால் இறுகிய கஞ்சி மீண்டும் இளகும்.