555: எண்ணால் சிரித்தல்

தாய்லாந்துக்காரர்கள் இணையத்தில் எண்ணால் சிரிக்கிறார்கள். 555 என்று எழுதினால் அது தொகையுமல்ல, தொலைபேசி எண்ணுமல்ல. 'ஹா ஹா ஹா'. அவர்கள் மொழியில் ஐந்துக்குப் பெயர் 'ஹா'. ('தாய் மொழி' என்று எழுதினால் நம்மூரில் வேறு அர்த்தமாகிவிடும். தாய்லாந்து மொழி என்றே வைத்துக்கொள்வோம்.) தொனி மாறினால் பொருள் மாறும் மொழி அது. ஐந்தைச் சொல்லும்போதும் சிரிப்பை எழுதிக்காட்டும்போதும் வருவது ஒரே இறங்குதொனி. ஆகவே பொருத்தம் கச்சிதம். ஐந்துகள் கூடக்கூடச் சிரிப்பு நீளும். அதுவும் போதாதென்றால் கடைசியில் ஒரு கூட்டல் குறி: 555+. சிரிப்பு இன்னும் அடங்கவில்லை என்று அர்த்தம்.

சரி, வெறும் சொல்விளையாட்டுதானே, இதிலென்ன இருக்கிறது என்று கேட்கலாம். குறிப்பானுக்கும் குறிப்பீட்டுக்கும் உள்ள உறவு இடுகுறித்தன்மையானது என்றார் சசூர். ஒலிக்குறிப்புச் சொற்களை மொழியின் ஓரத்தில் ஒதுக்கி வைத்தார். சிரிப்பு ஒலிக்குறிப்பு, எண்வடிவமோ சுத்தமான இடுகுறி. 555இல் இவ்விரண்டும் ஒட்டிக்கொள்கின்றன. அதே மூன்று ஐந்துகள் சீன இணையத்தில் அழுகை. அங்கே ஐந்து 'வூ'. 'வூ வூ வூ' என்பது விம்மல். இத்தனைக்கும் தாய்லாந்தின் எண்ணுப்பெயர்களில் பெரும்பாலானவை பழஞ்சீனத்திலிருந்து வந்தவை என்பது மொழியியலார் கருத்து.

இன்னொரு கூத்தும் உண்டு. தாய்லாந்து விசைப்பலகையில் 5 இருக்கும் விசையிலேயே 'த' ஒலியுள்ள ஒரு மெய்யெழுத்தும் இருக்கிறது. எண்ணுக்கு மாற மறந்து தட்டினால் அந்த எழுத்து மூன்று முறை வந்து விழும். நாளடைவில் அதுவும் சிரிப்பாகவே வாசிக்கப்பட்டது. இப்போது ஒலிப்பொருத்தம்கூட இல்லை. விரல் தவறியதின் தடம்தான் குறி. ஒலிக்குறிப்பில் தொடங்கியது முழு இடுகுறியாகிவிட்டது. இதை எந்த அகாதெமியும் தீர்மானிக்கவில்லை. எழுதியவர்களும் வாசித்தவர்களும் சேர்ந்து செய்துகொண்ட ஒப்பந்தம்.

இதை வேடிக்கையாக மட்டும் என்னால் பார்க்க முடியவில்லை. அந்த நாட்டில் எல்லோருக்கும் தெரிந்த இன்னொரு மூன்றிலக்க எண் உண்டு: 112. குற்றவியல் சட்டத்தின் அந்தப் பிரிவு, மன்னரையோ அரசியையோ பட்டத்து வாரிசையோ அவமதித்தால் ஒவ்வொரு குற்றச்சாட்டுக்கும் 3 முதல் 15 ஆண்டுவரை சிறை என்கிறது. 2014 ராணுவப் புரட்சிக்குப் பின் அது கடுமையாகப் பிரயோகிக்கப்பட்டது. 2015 டிசம்பரில், மன்னரின் நாயைக் கிண்டல் செய்ததாக ஓர் ஆலைத் தொழிலாளிமீது வழக்கு. 2016இல், தனிப்பட்ட உரையாடலில் தனக்கு வந்த செய்திக்கு 'ஜா' என்று பதில் போட்ட பெண்மீது வழக்கு. 'ஜா' என்றால் ஏறக்குறைய நம் 'சரிப்பா'. மறுத்துக் கண்டிக்காமல் 'ஜா' சொன்னதே குற்றமாம். 2020 டிசம்பரில்தான் நீதிமன்றம் அவரை விடுவித்தது.

தொல்காப்பியர் நகைக்கு எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நான்கு நிலைக்களன்கள் சொல்கிறார். அதிகாரத்தின் வாசிப்பில் மற்ற மூன்றும் காணாமற் போய் எள்ளல் ஒன்றே எஞ்சுகிறது. தாய்லாந்துக்காரர்களோ 555ஐப் பலவிதமாகப் புழங்குகிறார்கள்: சொன்ன கடுமையைத் தணிக்க, சங்கடத்தை மறைக்க, சும்மா ஒரு வாக்கியத்தை முடிக்க. அந்தப் பன்முகத்தன்மையே சிரிப்பவனுக்குப் பாதுகாப்பு. ஒற்றை அர்த்தத்தைத் தேடுகிற சட்டத்துக்கு அதுவே எரிச்சல்.

சிரிப்பு அச்சத்தை வெல்லும் என்று பக்தினை மேற்கோள் காட்டி உற்சாகப்படுவது நம்மிடையே வழக்கம். அவர் பேசியது திருவிழாச் சதுக்கத்தின் கூட்டுச் சிரிப்பைப் பற்றி; அங்கே யார் சிரித்தார் என்று யாரும் குறித்துவைக்கவில்லை. 555 அப்படியல்ல. ஒவ்வொரு ஐந்துக்கும் பக்கத்தில் சிரித்தவர் பெயர், தேதி, நேரம் எல்லாம் பதிவாகியிருக்கிறது. சிரிப்பின் அரசியலைப் பேசும்போது இந்த வித்தியாசத்தை விட்டுவிட்டுப் பேசக்கூடாது என்பதே என் கட்சி.