குழந்தையின் கஞ்சி கெட்டியாவது ஏன்?



மனையியல் என்றாலே சமையலும் தையலும்தானே என்று நம்மில் பலர் நினைக்கிறோம். நானும் கல்லூரியில் அப்படித்தான் கேலி பேசியவள். அந்தத் துறையினர் செய்த ஓர் ஆராய்ச்சி நம்ம அடுப்படிக்கு எவ்வளவு தேவை என்பது சூளகிரிப் பக்கம் ஒரு குழுக் கூட்டத்தில்தான் எனக்குப் புரிந்தது.

அந்த வீட்டில் மருமகள் ஓசூரில் கம்பெனி ஷிப்டுக்குப் போகிறாள். ஒன்பது மாதக் குழந்தையைப் பாட்டிதான் பார்த்துக்கொள்கிறார். "தினமும் ராகிக் கஞ்சிதாம்மா குடுக்கறேன். வயிறு முட்டக் குடிக்குது. பால்வாடியில எடை மட்டும் ஏறவே மாட்டேங்குது" என்றார். எப்படிக் காய்ச்சுறீங்க என்று கேட்டேன். ஒரு பெரிய டம்ளர் தண்ணீருக்கு ஒரு ஸ்பூன் மாவு! அதற்கு மேல் போட்டால் களி மாதிரி ஆகிவிடும், பிள்ளை துப்பிவிடும் என்றார். அவர் சொன்னது சரிதான். ஆனால் குழந்தையின் வயிறு சின்னது. அது தண்ணீரால் நிறைந்துபோனால் எடை எப்படி ஏறும்?

மாவைச் சூடாக்கும்போது அதிலுள்ள மாவுச்சத்து தண்ணீரை இழுத்து ஊதிவிடுகிறது. அதனால்தான் கஞ்சி கெட்டியாகிறது. தானியத்தை முளைகட்டினால் அதில் அமைலேஸ் என்ற நொதி உண்டாகும். அது மாவுச்சத்தைச் சின்னச் சின்னதாக உடைத்துவிடும். அப்புறம் இரண்டு மடங்கு மாவு போட்டாலும் கஞ்சி இளக்கமாகவே இருக்கும், ஸ்பூனில் எடுத்து ஊட்டலாம்.

இதை ஆராய்ந்தவர்கள் தூரத்தில் இல்லை. எல்லை தாண்டினால் மைசூரில் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம். அங்கே மல்லேஷி, தேசிகாச்சார் என்ற இரண்டு விஞ்ஞானிகள் முளைகட்டிய ராகியையும் பச்சைப்பயறையும் சேர்த்துக் குழந்தை உணவு தயாரித்து, 1982-ல் கட்டுரை வெளியிட்டார்கள். அதே 1980-களில் குஜராத்தில், பரோடா பல்கலைக்கழக மனையியல் துறையில் தாரா கோபால்தாஸ் என்ற பேராசிரியர் இன்னும் சுலபமான வழியைக் காட்டினார். எல்லா மாவையும் முளைகட்ட வேண்டியதில்லை, சாதாரணக் கஞ்சியில் முளைமாவு ஒரு சின்ன ஸ்பூன் சேர்த்தாலே அது இளகிவிடும் என்றார். வேலைக்குப் போகிற வீட்டுக்கு இதுதான் தோது.

செய்முறை நமக்குப் புதிதல்ல. ராகியை இரவு ஊறவைத்து, வடித்து, ஈரத்துணியில் கட்டி ஒன்றரை நாள், இரண்டு நாள் வைக்கணும். முளை வந்ததும் வெயிலில் நன்றாகக் காயவைத்து, இளஞ்சூட்டில் லேசாகப் புரட்டி அரைக்கணும். இங்கேதான் நான் ஒரு தப்பு செய்தேன். முதல் பயிற்சியில் "வாசனை வர நல்லா வறுங்க" என்று சொல்லிவிட்டேன். அதிகச் சூட்டில் நொதி செத்துவிடும், அப்புறம் முளைகட்டியும் கஞ்சி இளகாது. கொதிக்கிற தண்ணீரில் மாவைக் கொட்டினாலும் இதே கதைதான். பச்சைத் தண்ணீரில் கரைத்து, சிறு தீயில் மெதுவாகச் சூடேற்றி, கடைசியில் நன்றாகக் கொதிக்கவிடுங்கள். கொதிக்காமல் கொடுக்காதீர்கள், முளைகட்டும் ஈரத்தில் கிருமியும் சேர்ந்தே வளரும். மழைக்காலத்தில் பூஞ்சை வாடை வந்தால் மொத்தத்தையும் கொட்டிவிடுங்கள், நஷ்டம் பார்க்க வேண்டாம்.

இன்னொரு நன்மையும் உண்டு. 100 கிராம் ராகியில் சுண்ணாம்புச்சத்து 300 மில்லிகிராமுக்கு மேல். ஆனால் அதிலுள்ள பைட்டேட் என்ற பொருள் சுண்ணாம்பையும் இரும்பையும் உடம்பில் சேரவிடாமல் பிடித்து வைத்துக்கொள்ளும். முளைகட்டினால் அது குறையும்.

விற்பனைக்குச் செய்யும் குழுக்களுக்கு ஒரு வார்த்தை. மால்ட் என்றாலே முளைகட்டியது என்றுதான் அர்த்தம். வெறும் ராகி மாவில் சர்க்கரையும் ஏலக்காயும் கலந்து மால்ட் என்று லேபிள் ஒட்டாதீர்கள். கடையில் அப்படி விற்கிறார்களே என்பீர்கள், விற்கட்டும்.

போன மாதம் அந்தப் பாட்டியைப் பார்த்தேன். கஞ்சி இப்போது ஸ்பூனில் வழிகிறதாம், ஆனால் லேசாகக் கசக்கிறதாம். காய்ந்த பிறகு கையால் தேய்த்து வேரைப் புடைத்து எடுத்துவிடுங்கள் பாட்டி, கசப்பு அந்த வேரில்தான் இருக்கு என்று சொல்லிவிட்டு வந்தேன்.