மக்காச்சோளத்தில் ஏறிய பீன்ஸும் ஒரு மண்சட்டியும்

கேசரோல் என்றால் நம்ம வீடுகளில் சப்பாத்தி ஆறாமல் வைக்கிற டப்பாதான். கல்யாணப் பரிசாக வந்ததே ரெண்டு மூணு பரணில் கிடக்கும். அந்தச் சொல் பிறந்த பிரான்சில் அது சமைக்கிற பாத்திரம். எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு, இளஞ்சூட்டில் மணிக்கணக்காக வேகவைத்த பண்டத்துக்கும் பிறகு அதே பேர் ஒட்டிக்கொண்டது. நம்ம கூட்டாஞ்சோறு மாதிரி ஒரே சட்டிச் சமையல்.

அமெரிக்காவில் இது எப்படிப் போச்சு பாருங்க. அங்கே பண்டிகைக்குப் பண்டிகை வைக்கிற கிரீன் பீன்ஸ் கேசரோல் பாட்டி சொல்லித் தந்ததில்லை. 1955இல் கேம்பல் சூப் கம்பெனியின் சமையல்கூடத்தில் டார்கஸ் ரெய்லி என்ற அம்மையாரின் குழு உருவாக்கியது. பீன்ஸ், வறுத்த வெங்காயம், அதோடு கம்பெனியின் காளான் சூப் டின் ஒன்று. டின் விற்கவேண்டும், அதற்காக ஒரு பண்டம்!

தென்மேற்கு பிரான்சின் காசூலே வேறு சங்கதி. கஸ்தெல்நோதாரி ஊருக்குப் பக்கத்தில் இசெல் என்ற கிராமத்து மண்ணில் செய்த, வாய் அகன்ற சட்டிக்குக் காசோல் என்று பேர். அதிலிருந்துதான் பண்டத்துக்கும் பேர் வந்தது. ராத்திரி ஊறவைத்த வெள்ளை பீன்ஸ், பன்றி இறைச்சி, வாத்துக்கறி. மேலே கட்டும் ஏட்டை உடைத்து உள்ளே அமுக்கி, மறுபடி கட்ட விடுவார்கள். ஏழு தடவை என்பது ஊர்ப்பேச்சு. எண்ணிப் பார்த்தவர் யாரோ!

இந்தச் சட்டிக்கு ஏற்ற பீன்ஸ்களில் ஒன்று, பிரனீஸ் மலையடிவாரத்தில் தார்ப் நகரத்தைச் சுற்றி விளைகிற கொடி பீன்ஸ். தோல் மெல்லிசு, ஆனாலும் நீண்ட வேக்காட்டில் கரையாது. அதை மக்காச்சோளத்தோடு விதைப்பார்கள். தட்டைதான் பந்தல். பீன்ஸ் வேர் முடிச்சில் தழைச்சத்தைச் சேர்க்கும். கொம்பு நடுகிற செலவும் இல்லை.

1950களில் வீரிய ஒட்டு மக்காச்சோளமும் அறுவடை எந்திரமும் வந்தன. எந்திரம் ஓடுகிற காட்டில் கொடிக்கு ஏது இடம்? பீன்ஸ் வீட்டுத் தோட்டங்களுக்கு ஒதுங்கியது. அங்கே அது சாகாமல் இருந்ததற்கு அடுப்படிதான் காரணம் என்பது என் கணிப்பு. சட்டிக்கு அந்த பீன்ஸ் வேணும். அதனால் நாலு செடியாவது போட்டாங்க. 1980களில் சில விவசாயிகள் சேர்ந்து அதைத் திரும்பக் காட்டுக்குக் கொண்டுவந்தார்கள். 1997இல் அரசின் தர முத்திரையான சிவப்பு லேபிள், 2000இல் புவிசார் குறியீடு. இன்றும் கையால்தான் பறிக்கிறார்கள். கூலி அதிகம், விலையும் அதிகம்.

நான் வங்கியில் பயிர்க்கடன் பார்த்த காலத்தில், படிவத்தில் ஒரு காட்டுக்கு ஒரு பயிர்தான் எழுதுவோம். வரப்பில் துவரை, ஊடே தட்டைப்பயறு என்று விவசாயி சொல்வார், கட்டத்தில் அதற்கு இடம் இருக்காது. இன்றைக்கு நம்ம மக்காச்சோளம் பெரும்பாலும் கோழித் தீவனத்துக்குப் போகிறது. விதைத்த கையோடு அட்ரசின் அடிக்கிறார்கள். அந்த மண்ணில் அவரையும் மொச்சையும் தாங்காது.

அந்த மருந்து படாத அரை ஏக்கரில், ஆடியில் மக்காச்சோளம் போட்டு, இருபது நாள் கழித்துத் தட்டையடியில் கொடி அவரை ஊன்றினேன். முன்னாடியே ஊன்றினால் இளம்பயிரைக் கொடி அமுக்கிவிடும். கதிர் ஒடித்தபின் தட்டையை அறுக்கவில்லை, மார்கழியில் பூத்தது. நட்டமும் உண்டு: தட்டை முற்றிப் போனதால் மாடு சரியாகத் தின்னவில்லை, தீவனம் வெளியே வாங்கினோம். முற்றின அவரைக்கொட்டையை ஊறவைத்து, கத்தரிக்காய், சின்ன வெங்காயத்தோடு மண்சட்டியில் போட்டு, விறகுத் தணலில் ரெண்டு மணி நேரம் விட்டார் வீட்டம்மா. இறைச்சி இல்லை, ஏடும் கட்டவில்லை. சட்டி மட்டும் காலி.

விதை ஒரு படி தேறியிருக்கு. அட்ரசின் அடிக்காமல் மக்காச்சோளம் போடுகிறவர்கள் கேட்டால் ஆளுக்கு ஒரு கைப்பிடி தருகிறேன்.